தந்தக்கால் கட்டில்

மேலக்கோம்பை அரண்மனையின் கிழக்கு அறையில் பூவலிங்க ஆசாரி ரம்பத்தைக் கட்டிலின் இடது முன்காலில் வைத்து ஒரு இழுப்பு இழுத்ததும், பாகன் கை பட்ட யானை காலைத் தூக்குமே, அப்படி அந்தக் கால் மெல்ல எழும்பி ஒரு சாண் தள்ளிப் போய்த் தரையில் ஊன்றிக்கொண்டது. கட்டில் ஆடுகிறது, யாராவது வந்து பிடியுங்கள் என்றார் ஆசாரி. இரண்டு பேர் வந்து பிடித்தார்கள். அவர் மறுபடி ரம்பத்தை வைத்தார், கால் மறுபடி எழுந்து தள்ளி நின்றது, பிடித்திருந்த இரண்டு பேரும் அதோடு சேர்ந்து நகர்ந்தார்கள். அதற்குமேல் ஆசாரி வாதாடவில்லை. ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை வேட்டியில் துடைத்து, ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, செத்ததை அறுப்பதுதான் தன் தொழில், உயிரோடு இருப்பதை அறுக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருதப்பத் துரையிடம் பணிவாகவே சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார்.

கட்டிலின் மேல் சொர்ணக்கிளி நாச்சியார் படுத்திருந்தாள். அவளை இறக்கிப் பின்கட்டுக்குத் தூக்கிப்போகப் பெண்கள் வருவதற்குள் ஒரு கோடாவது போட்டு வைப்போம் என்றுதான் ஆசாரி அவசரப்பட்டிருந்தார். அவள் மருதப்பனுக்கு மதினி, ஜமீன்தாராக இருந்து இறந்துபோன அவன் அண்ணனின் மனைவி. தலைப்பிரசவத்தில் பிள்ளையும் போய், இடுப்புக்குக் கீழே சுரணையும் போய், அன்றிலிருந்து அந்தக் கட்டில்தான் அவளுக்கு வீடு, வாசல், தெரு எல்லாம். ஜன்னல் வழியாக மலையின் மேல்பாதி மட்டும் தெரியும். கீழ்ப்பாதி எப்படி இருக்கும் என்பதை, மணப்பெண்ணாகப் பல்லக்கில் வந்த நாளில் திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்த ஞாபகத்திலிருந்து அவள் தானே நிரப்பிக்கொள்வாள். அவளைப் புரட்டிப் படுக்க வைக்கவும் குளிப்பாட்டவும் தலை வாரவும் மாடத்தி இருந்தாள். ஏர் ஓட்டுகிறவரின் மகள், நாச்சியார் வயதுதான், அரண்மனைக்கு வேலைக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள்.

ஜமீன்களைச் சர்க்கார் ஒழித்துவிட்ட காலம் அது. ஊர்கள் போயின, வரி வசூல் போயிற்று, கொட்டகையில் நின்ற குதிரைகள் போயின. அரண்மனைக்குள் இருந்த சாமான்களையும் இடுப்பொடிந்த ஒரு மதினியையும் தவிர மருதப்பத் துரையிடம் மிச்சம் இருந்தது மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றுதான். சாமான்களை வாங்க மதராஸிலிருந்து அம்புரோஸ் என்ற வியாபாரி வந்து இறங்கினான். தந்தம் என்றால் அவனுக்கு உயிர். அரண்மனையிலோ எங்கே பார்த்தாலும் தந்தம்: குங்குமச் சிமிழ், சீப்பு, சொக்கட்டான் காய், பகடை, விசிறிக் காம்பு, எழுத்தாணிப் பிடி, வாளின் கைப்பிடி, பல்லக்கின் முகப்பில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் யாளி. ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அவன் பேசிக்கொண்டே இருப்பான். இந்த மலையின் தந்தம் கப்பலேறிக் கடல் தாண்டிப்போய் எந்தெந்த ராஜாக்களுக்கோ நாற்காலி ஆனது, எந்தெந்த ராணிகளுக்கோ வளையல் ஆனது, வெள்ளைக்காரர் வீட்டுப் பியானோவில் வாசிக்கிற கட்டை ஆனது என்பான். மாளிகைக்குத் தந்தம், குடிசைக்கு எலும்பு, உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்பான். ஏழை வீட்டுக் கொண்டை ஊசியும் கத்திப் பிடியும் சட்டைப் பொத்தானும் மாட்டெலும்பிலும் ஒட்டக எலும்பிலும் செய்தவை, பார்த்தால் தந்தம் மாதிரியே இருக்கும், ஆனால் ஏமாறக் கூடாது, தந்தத்தை வெட்டிய இடத்தில் வலை பின்னினாற்போல மெல்லிய கோடுகள் ஓடும், எலும்பிலோ குண்டூசி குத்தினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், ஒரு காலத்தில் ரத்தம் ஓடிய வழி அது என்பான்.

கட்டிலைப் பார்த்ததும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். நான்கு கால்களும் முழுத் தந்தம். மருதப்பனின் பாட்டனாருக்கு அப்பா மலையில் இரண்டு கொம்பன் யானைகளைச் சுட்டு, மலையாள தேசத்திலிருந்து தந்த வேலை செய்கிறவர்களை வரவழைத்து, அந்த அறைக்குள்ளேயே உட்கார வைத்துச் செய்த கட்டில் அது. தரையிலிருந்து ஆள் மார்பு உயரம். கதவைவிட அகலம். அதனால்தான் வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் அறுக்க வேண்டும் என்று ஆயிற்று. அறுத்த கால்கள் சதுரங்கக் காய்களாகலாம், சிமிழ்களாகலாம். தலைப்பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பதித்திருந்த மல்லிகைக் கொடியை அம்புரோஸ் நகத்தால் சுரண்டிப் பார்த்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான். இது மாட்டெலும்பு, அந்தக் காலத்தில் தந்தம் போதாமல் அரண்மனை ஏர்மாடுகளின் எலும்பைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து வெளுத்துப் பதித்திருக்கிறார்கள், இதற்கு விலை கிடையாது, அடுப்புக்குப் போடுங்கள் என்றான். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த சொர்ணக்கிளி கையைப் பின்னால் நீட்டி, இத்தனை வருஷமாகத் தன் தலைமாட்டில் பூத்துக் கிடந்த கொடியைத் தடவிப் பார்த்தாள். தலைமாடு என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருளா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதை மருதப்பன் முதல் தடவையாகக் கேட்டான்.

ஆசாரி போன பிறகு அறையில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் மட்டும் அறிந்திருந்தது. அது உடம்பைக் குலுக்குவதுபோல ஒரு அசை அசைந்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தலைமாட்டைக் கதவுப் பக்கம் திருப்பியது. மாடத்தி ஓடிவந்து நாச்சியாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழே இறக்கிவிடட்டுமா என்று கேட்டாள்.

"வேண்டாம் மாடத்தி. நீயும் ஏறிக்கோ" என்றாள் சொர்ணக்கிளி.

மாடத்தி முக்காலியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். கட்டில் தலைப்பலகையைக் கதவு நிலையில் சாய்த்து, யானை மரத்தில் முதுகு தேய்ப்பதுபோல ஒரு தேய்ப்புத் தேய்த்தது. தேக்கு நிலை சுவரை விட்டுப் பிரிந்து வந்து, கோபித்துக்கொண்டவரைப் போல ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்றது. கட்டில் முற்றத்தைத் தாண்டி, யானை நுழைவதற்கென்றே கட்டிய பெரிய வாசலைத் தாண்டி, மேலக்கோம்பைத் தெருவில் இறங்கியது. சொர்ணக்கிளிக்குக் கண் கூசியது. வெளிச்சத்துக்கு இவ்வளவு அகலம் உண்டு என்பதை அவள் மறந்துபோயிருந்தாள். எண்ணெய்ச் செக்கு ஆடும் வாடை, சாணம் தெளித்த ஈர வாடை, யார் வீட்டிலோ மிளகாய் வறுக்கிற நெடி எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் மோத, அவள் தும்மினாள். தும்மி முடித்ததும் மாடத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்றாள்.

கட்டில் சந்தைத் திடலுக்குப் போய் வாகைமரத்தின் கீழே நின்றது, அங்கேயே தங்கியும் விட்டது. முதல் நாள் ஊர் முழுவதும் வந்து பார்த்தது. இரண்டாம் நாள் சந்தை நாளாக இருந்தபடியால் வந்தவர்கள் பார்த்துவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார்கள். மரத்தடியில் முகம் மழிக்கிறவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் வரிசையில் நில்லுங்கள் என்றார். பயந்த பிள்ளைகளைக் கோயில் யானையின் வயிற்றுக்குக் கீழே நுழைத்து எடுக்கிற தாய்மார்கள் இப்போது கட்டிலுக்குக் கீழே நுழைத்து எடுத்தார்கள், யானை போல இது மூத்திரம் பெய்து பயமுறுத்துவதில்லை என்று மெச்சிக்கொண்டார்கள். கரும்புத் தோகையும் வாழைப்பழமும் படைத்தார்கள். அவற்றை ஆடுகள்தான் தின்றன என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கட்டில் எடுத்துக்கொண்டது என்றே சொன்னார்கள். மழை தூறியதும் நான்கு கம்பு நட்டு ஓலை வேய்ந்தார்கள். இதை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்து, கட்டிலும் அஃறிணை, யானையும் அஃறிணை, ஆகவே "வந்தது" என்று எழுதினால் எந்த வழியிலும் பிழையில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு ஊரின் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிப் பாதியைக் கோயில் குருக்கள் கிளப்பினார். தந்தம் சுத்தமானது, அதற்குத் திருநீறு பூசலாம், ஆனால் தலைமாட்டில் செத்த மாட்டின் எலும்பு இருக்கிறதே, அது சந்நிதித் தெருவுக்குள் வரலாமா என்று கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் தலையைச் சொறிந்தார்கள். சொர்ணக்கிளி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மனிதர்களோடு பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது, குரல் முதலில் வெளியே வரவில்லை, செருமிக்கொண்டாள்.

"எனக்குள்ளயும் எலும்புதான் சாமி இருக்கு. உங்களுக்குள்ள தந்தமா இருக்கு?"

குருக்கள் திருநீற்றுத் தட்டை எடுத்து நான்கு கால்களுக்கும் பூசி, தலைப்பலகைக்கும் பூசி, அவள் நெற்றியிலும் பூசிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஊர் அவளிடம் பேச ஆரம்பித்தது. முன்பெல்லாம் மூடுபல்லக்கை மட்டும் பார்த்திருந்த ஜனங்கள், அதற்குள் இருந்த மனுஷிக்கு வெற்றிலை பிடிக்கும், கோழிச்சண்டை பார்க்கப் பிடிக்கும், கணக்கு வழக்கில்லாமல் கேள்வி கேட்பாள் என்பதைக் கண்டுகொண்டார்கள். அவளும் ஊரைக் கண்டுகொண்டாள். காலையில் குடத்தோடு போன பெண்கள் வெயில் உச்சிக்கு வந்த பிறகே திரும்புவதைப் பார்த்து, ஆறு அவ்வளவு தூரமா என்று ஒரு நாள் கேட்டாள். மாடத்தி கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். ஆறு தூரமில்லை, மலையிலிருந்து இறங்கி நேரே ஊர்ப் பக்கம் வருகிற யானைத்தடம் ஒன்று இருந்தது, யானைகள் போன தடத்திலேயே பெண்களும் போய்த் தண்ணீர் எடுத்தார்கள், நாச்சியாரின் மாமனார்தான் அந்தத் தடத்தையும் ஆற்றங்கரையையும் தோப்போடு சேர்த்து வளைத்துக் கருங்கல் சுவர் எழுப்பினார், அன்றிலிருந்து சுவரைச் சுற்றிக் கல்லுக்குழி வழியாகத்தான் போகவேண்டும். அரண்மனையில் தினமும் விடிவதற்குள் சொர்ணக்கிளியின் அறைக்குச் செப்புக்குடத்தில் தண்ணீர் வந்துவிடும். அது எந்த வழியாக, யார் தலையில் வந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இதற்கிடையில் மருதப்பத் துரை சும்மா இருக்கவில்லை. பக்கத்து ஊர்க் கோயில் பாகனை அழைத்துவந்து கட்டிலைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னான். பாகன் யானைப் பேச்சு எல்லாம் பேசிப் பார்த்தார், அங்குசத்தைக் காட்டிப் பார்த்தார், கட்டில் மரம் மாதிரி நின்றது. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் மாடத்தி தன் அப்பன் ஏரில் மாடு திருப்புகிற மாதிரி நாக்கைத் தட்டினாள், கட்டில் வலப்பக்கம் திரும்பியது. ஹோவ் என்றாள், நின்றது. தலைமாட்டில் மாடுகள்தானே இருக்கின்றன, அவற்றின் பேச்சில் பேசினால் கேட்கும் என்று அவள் நாச்சியாரிடம் மட்டும் சொன்னாள். பாகன் போன பிறகு மருதப்பன் ஆட்களோடு வந்து நான்கு கால்களிலும் சங்கிலி மாட்டினான். சங்கிலி மாட்டிய கட்டில், கட்டிப்போட்ட யானைகள் ஆடுமே, அப்படி நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. மேலே படுத்திருந்த சொர்ணக்கிளிக்கு, இத்தனை வருஷம் தானும் இப்படித்தான் மனசுக்குள் ஆடிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. மருதப்பன் அவளை இறங்கச் சொல்லி மரியாதையாகக் கேட்டான். அவள் மாட்டேன் என்று மரியாதையாகச் சொன்னாள். சந்தைத் திடலில் மதினியைக் கைப்பிடித்து இழுத்தான் என்ற பேர் வந்துவிடும் என்பதால் அவன் தாசில்தாருக்குச் சொல்லி அனுப்பினான்.

தாசில்தார் கனகசபாபதி ஜீப்பில் வந்து, குடை பிடித்து, வாகைமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கட்டில் அரண்மனைச் சொத்து, நான் விற்றுவிட்டேன் என்றான் மருதப்பன். நான் வாங்கிவிட்டேன் என்றான் அம்புரோஸ். மேலே படுத்திருக்கிற அம்மாள் என்ன சொல்கிறார் என்று தாசில்தார் கேட்க, நான் படுத்திருக்கிறேன் என்றாள் சொர்ணக்கிளி, வேறொன்றும் சொல்லவில்லை. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திவாலாகிப் போனவன் வீட்டை ஜப்தி செய்யும்போதுகூட உடுத்த துணி, சமையல் பாத்திரம், படுக்கிற படுக்கை இவற்றில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆகவே இது கட்டிலாக இருந்தால் படுத்திருக்கிறவர் இறங்குகிறவரை யாரும் தொடமுடியாது என்றார். அப்படியானால் இது கட்டில் அல்ல, நடக்கிறது பாருங்கள், யானை என்றான் மருதப்பன். யானையாக இருந்தால் அது யார் சொன்னபடி நடக்கிறதோ அவர் வசம் இருப்பதுதான் எல்லாருக்கும் பத்திரம், உங்கள் பேச்சைக் கேட்குமா என்று தாசில்தார் கேட்டார். மருதப்பன் கட்டிலைப் பார்த்தான். கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. சங்கிலியைக் கழற்றச் சொல்லிவிட்டுத் தாசில்தார் ஜீப்பில் ஏறினார்.

அம்புரோஸ் தன் சிமிழ்களையும் பகடைகளையும் கட்டிக்கொண்டு மாலை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கட்டிலருகே வந்து, ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா என்று நாச்சியாரிடம் கேட்டான். தந்தத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வாழ்நாள் முழுக்கத் தந்தம் தொட்டிருக்கிறேன், சூடாக இருந்து தொட்டதில்லை என்றான்.

மறுநாள் காலை சொர்ணக்கிளி மாடத்தியிடம் நல்ல புடவை எடுக்கச் சொன்னாள். வெள்ளை வேண்டாம் என்றாள். மாடத்தி தன் பெட்டியிலிருந்து கத்தரிப்பூ நிறச் சுங்கடிப் புடவையை எடுத்துக் கட்டிவிட்டாள். குடத்தோடு கிளம்பிய பெண்களைச் சொர்ணக்கிளி கூப்பிட்டு, இன்றைக்குக் கல்லுக்குழிப் பக்கம் போகவேண்டாம், என் பின்னால் வாருங்கள் என்றாள். மாடத்தி நாக்கைத் தட்டினாள். தட்டியிருக்கவே வேண்டாம், மலையைப் பார்த்துத் திரும்பிய கட்டிலுக்கு வழி தெரிந்திருந்தது. தன் கால்கள் யானைகளாக இருந்த காலத்தில் இறங்கி வந்த தடம் எதுவோ, அந்தத் தடத்திலேயே, வண்டிப்பாதையை விட்டு விலகி, கரட்டில் ஏறி, உடைமர நிழல்களுக்குள் நுழைந்து, அவசரமில்லாமல், நிற்காமல், ஒரு காலை ஊன்றிய பிறகே மறுகாலை எடுத்து அது நடக்க, பெண்கள் குடங்களோடு பின்னால் நடக்க, குடம் இல்லாதவர்களும் வேடிக்கைக்குச் சேர்ந்துகொள்ள, கோயில் கொட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று தவிலைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டே ஓடிவர, தோப்புச் சுவரை அடைந்தபோது பாதி ஊர் அங்கே இருந்தது.

சுவருக்கு முன்னால் மருதப்பத் துரை நின்றான். தனியாக நின்றான், ஆட்கள் யாரையும் கூட்டி வரவில்லை. கூப்பிட்டிருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கலாம். வேட்டி கட்டி, சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டு, அண்ணன் இறந்த அன்று நின்றதுபோல நின்றான். கட்டில் அவன் மார்புக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. தவில் ஓய்ந்தது.

"மதினி, எல்லாத்தையும் சர்க்கார் எடுத்துக்கிட்டான். இது ஒண்ணுதான் எனக்கு மிச்சம்" என்றான் மருதப்பன்.

"தோப்பை நீயே வச்சிக்க மருதப்பா. மரத்துல ஒரு காய் யாரும் தொட மாட்டாக. வழியை மட்டும் விடு."

"சுவர் அப்பா கட்டினது."

"ஆமா. எனக்குத் தண்ணி கொண்டுவந்தவ தலையில அது எத்தனை வருஷம் உக்காந்திருந்துச்சு, தெரியுமா? எனக்கே போன வாரம்தான் தெரியும்."

அவன் நகரவில்லை. கட்டிலும் நகரவில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் போதும், ஆனால் அது எடுத்து வைக்கவில்லை, அவனாக விலகட்டும் என்று காத்து நின்றது. வெயில் ஏறியது. பெண்கள் குடங்களை இடுப்பு மாற்றிக்கொண்டார்கள். சொர்ணக்கிளிக்குப் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அதிகமாக அவன் மேல் இரக்கம் இருந்தது, அவன் வேர்த்துப் போயிருந்தான், சின்னப் பையனாக அரண்மனை முற்றத்தில் பம்பரம் விட்டவன் இவன் என்ற நினைப்பு வந்தது. மருதப்பன் கையை நீட்டி, தள்ளுவதற்கா தடுப்பதற்கா என்று அவனுக்கே தெரியாமல், தலைப்பலகையின் மேல் வைத்தான். மாட்டின் நெற்றி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் இரண்டு எட்டு நடந்து, ஒரு புளியமர நிழலில் போய் நின்றான்.

கட்டில் தலைமாட்டைச் சுவரில் வைத்தது. நாலு கால் யானையும் தலைப்பக்கத்து மாடுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மூச்சு முக்கின. முதலில் சுண்ணாம்பு உதிர்ந்தது, அப்புறம் ஒரு கல் அசைந்தது, அந்தக் கல் அடுத்த கல்லிடம் சொன்னது, அது அதற்கடுத்த கல்லிடம் சொன்னது, பிறகு சுவர் முழங்காலில் மடங்கி, வணங்குகிறவரைப் போல ஆற்றுப் பக்கமாக விழுந்தது. தூசி அடங்கியபோது அந்தப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, அதோடு ஆற்றின் சத்தமும் வந்தது. இவ்வளவு பக்கத்திலா என்று ஒரு பெண் கேட்டாள். கொட்டுக்காரரின் தவிலில் விழுந்த அடி மலைக்குப் போய்த் திரும்பி வந்தது. இளசு, கிழடு எல்லாரும் கற்களைத் தாண்டி ஓடினார்கள்.

சொர்ணக்கிளியையும் மாடத்தியையும் ஏற்றிக்கொண்டு கட்டில் மணலில் இறங்கி, தண்ணீரில் இறங்கி, நடு ஆற்றில் போய் நின்றது. தண்ணீர் கட்டிலின் சட்டத்தைத் தொட்டு, மெத்தையை நனைத்து, அவள் கால்களை மூடியது. கால்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இடுப்புக்கு ஏறியபோது தெரிந்தது, பனிக்கட்டி மாதிரி தெரிந்தது, அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, பிறகு பிள்ளைகளைப் போலக் கத்திச் சிரித்தாள். மலையின் கீழ்ப்பாதி முழுவதும் அவள் கண் முன்னால் இருந்தது. இத்தனை வருஷம் மனசில் வரைந்து வைத்திருந்ததைவிட அது நன்றாக இருந்தது.

அப்போதுதான் அக்கரையில் யானைகள் வந்தன. அடைபட்டிருந்த தடம் திறந்ததை அவை எப்படி அறிந்தனவோ, வந்துவிட்டன. பெண்கள் குடங்களை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். மூத்த பெண்யானை தண்ணீரில் இறங்கி வந்து, துதிக்கையை நீட்டி, கட்டிலின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவியது. காணாமல்போன உறவுக்காரரைக் கண்டவர்கள் முகத்தைத் தடவுவது போலத் தடவியது. கட்டில் நடுங்குவதைச் சொர்ணக்கிளி முதுகில் உணர்ந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்தது. தன்னை இக்கரையில் மணலில் இறக்கும்படி மாடத்தியிடம் சொன்னாள்.

"இறக்கிட்டா அது போயிரும் தாயி" என்றாள் மாடத்தி.

"போகட்டும். எனக்கு ஒரு தெருவைக் காட்டுச்சு, ஆத்தைக் காட்டுச்சு. அதுக்கும் ஒரு காடு இருக்குல்ல."

மாடத்தி நாக்கைத் தட்டிக் கட்டிலைக் கரைக்குத் திருப்பினாள். பெண்கள் சேர்ந்து நாச்சியாரைத் தூக்கி மணலில் உட்கார வைத்தார்கள். கட்டில் திரும்பி ஒரு முறை நின்றது, பிறகு தண்ணீரைக் கடந்து போனது. யானைகள் அதைத் தங்கள் குட்டியை நடுவில் விட்டுக்கொள்வதுபோல நடுவில் விட்டுக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தன. மூங்கில் அசைவது கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. சொர்ணக்கிளி ஈர மணலைக் கையால் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். அழுதாள், ஆனால் தோற்றவள் அழுவதுபோல அழவில்லை. பெண்கள் தண்ணீர் மொண்டார்கள், துணி துவைத்தார்கள், குளித்தார்கள், அவளையும் குளிப்பாட்டினார்கள், கொண்டு வந்த கம்பஞ்சோற்றை அவளோடு பகிர்ந்து தின்றார்கள். திரும்பிப் போகும்போது தோளில் தூக்கிப்போவோம், ஆளுக்கு ஒரு தோப்புத் தூரம் என்று தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள்.

வெயில் சாய்கிற நேரத்தில் மூங்கில் மறுபடி அசைந்தது. கட்டில் வந்தது. கால்களிலிருந்து தலைப்பலகை வரை செம்மண் அப்பியிருந்தது, மெத்தையைக் காணவில்லை, சட்டத்தில் ஒரு பச்சைக் கொடி சுற்றியிருந்தது. திருவிழாவுக்குப் போய்விட்டு வீட்டு நினைப்பு வந்து திரும்பியவரின் அலுப்போடு அது ஆற்றைக் கடந்து, மணலில் ஏறி, சொர்ணக்கிளியின் முன்னால் முன்கால்களை மடக்கிப் படுத்தது. மாடத்தி திட்டிக்கொண்டே தேங்காய் நாரால் அதன் கால்களைத் தேய்த்துக் கழுவினாள், எலும்புப் பூக்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள், கழுவக் கழுவ அவை வெயிலில் மினுங்கின.

அன்று அவர்கள் ஊருக்குள் வந்த விதத்தை மேலக்கோம்பையில் ராஜா ஊர்வலம் பார்த்தவர்கள்கூட இதற்கு முன் பார்த்ததில்லை. கொட்டுக்காரர் முன்னால் போனார். பின்னால் தலையிலும் இடுப்பிலும் நிறைகுடத்தோடு பெண்கள், அவர்களுக்கு நடுவில் கத்தரிப்பூப் புடவை ஈரம் காயாமல், கூந்தலைப் பின்னாமல் விரித்துப் போட்டபடி, மெத்தையில்லாத பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொர்ணக்கிளி நாச்சியார். வாசல்களில் விளக்கு வைக்க வந்தவர்கள் விளக்கோடு அப்படியே நின்றார்கள். கூரை மேல் ஆட்கள் ஏறி நின்றார்கள். குருக்கள் சந்நிதித் தெருவைத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார், கட்டில் அதன் வழியாகவே போனது. சந்தைத் திடலில் நிற்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள், ஆனால் சொர்ணக்கிளி அரண்மனைப் பக்கம் கையைக் காட்டினாள்.

பெரிய வாசலின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. திறந்து வைத்தவன் மருதப்பத் துரைதான், வேறு ஆள் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சட்டையில் சுண்ணாம்புத் தூசியோடு அவன் நின்றான். கட்டில் அவனருகே வந்து நின்றது. அவன் அவளுடைய ஈரக் கூந்தலைப் பார்த்தான், நிறைகுடங்களைப் பார்த்தான்.

"தண்ணி எப்படி இருக்கு மதினி?" என்று கேட்டான். இத்தனை வருஷம் ஆறு அவன் தோப்பில்தான் ஓடியது, ஒருநாளும் அவன் அதில் இறங்கியதில்லை.

சொர்ணக்கிளி அவனை மேலிருந்து கீழே பார்த்து, ஒரு மதினி கொழுந்தனைக் கேலி செய்கிற மாதிரி சிரித்தாள்.

"காலையில வா, காட்டுறேன். ஆனா ஒண்ணு, நீ நடந்துதான் வரணும்" என்றாள்.